செக்கப்புக்குப் போன நாளை மகப்பேறு விடுப்பில் கழிக்கலாமா?

கேள்வி: கிண்டி எஸ்டேட்டில் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் பில்லிங் பார்க்கிறேன். சேர்ந்து 14 மாதம் ஆகிறது. சம்பளம் 26,000 ரூபாய், இ.எஸ்.ஐ. கிடையாது. இப்போது 10 வாரக் கர்ப்பம். முதல் இரண்டு முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன். போன வாரம் மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். "மாசாமாசம் இப்படிக் கிளம்பினா பில்லிங் யாரு பாக்கறது? போற நாளையெல்லாம் மெட்டர்னிட்டி லீவுல கழிச்சுக்கலாம், இல்லன்னா எல்.ஓ.பி. போட்டுடறேன்" (சம்பளம் பிடிக்கும் லீவு) என்கிறார். அஞ்சாம் மாசம் வரைக்கும் வெளியில் மூச்சு விடக்கூடாது என்கிறார் மாமியார். வீடு ஆதம்பாக்கம். டாக்டர் மயிலாப்பூரில், அம்மா வீட்டுப் பக்கம். செக்கப்புக்கென்று தனியாக லீவு கேட்க எனக்கு உரிமை உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: மகப்பேறு விடுப்பில் கழிப்பதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள், சகோதரி. உங்கள் மேனேஜர் சொல்வதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்புத் தந்து வந்தது. 2025 நவம்பர் 21 முதல் இந்த விதிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன. 26 வாரம் மாறவில்லை. அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். அதாவது 32ஆவது வாரத்துக்கு முன் அந்த விடுப்பு தொடங்கவே முடியாது. 12ஆவது வாரத்தில் ஸ்கேனுக்குப் போன அரை நாளை அதில் எப்படிக் கழிப்பது? இப்போது 'சரி' என்று சொன்னால், அந்த நாட்களெல்லாம் பிள்ளை பிறந்த பிறகு அதனுடன் இருக்க வேண்டிய நாட்களிலிருந்துதான் போகும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கர்ப்பகாலப் பரிசோதனைக்கென்று தனியாகச் சம்பளத்துடன் விடுப்பு நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் உங்கள் கையில் வேறு லீவு இருக்கிறது. தனியார் அலுவலகங்களுக்கும் பொருந்தும் 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25ஆவது பிரிவு, வருடத்துக்கு 12 நாள் உடல்நலக் குறைவுக்கும், இன்னொரு 12 நாள் 'நியாயமான எந்தக் காரணத்துக்கும்' சம்பளத்துடன் தருகிறது. ஒரு வருட சர்வீஸ் முடிந்ததால் உங்களுக்கு 12 நாள் சம்பளத்துடன் கூடிய வருடாந்தர விடுப்பும் சேர்ந்திருக்கும். செக்கப்புக்குப் பொருந்துவது அந்த நியாயமான காரணம், ஆபீஸில் சி.எல். என்று சொல்வது. சி.எல். மீதமிருக்கும்போது எல்.ஓ.பி. போடச் சொன்னால், சி.எல். இருப்பைக் காட்டி எழுத்தில் கேளுங்கள்.

காய்ச்சல் என்று சொல்லி இனி லீவு போடாதீர்கள். கர்ப்பம் நோய் இல்லை. உடல்நலக் குறைவுக்கான 12 நாளைச் செக்கப்புக்குச் செலவழித்துவிட்டால், ஏழாம் மாதம் டாக்டர் "பத்து நாள் படுத்தே இருங்க" என்று எழுதிக் கொடுக்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. கர்ப்பத்தால் வரும் நோய்க்கு, சான்று காட்டினால், 26 வாரத்துக்கு மேல் இன்னும் ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதைக் கேட்கும் நாளில், ஆபீஸ் பதிவேட்டில் இதுவரை காய்ச்சல், தலைவலி என்று மட்டுமே இருந்தால் உங்கள் பேச்சு எடுபடாது.

மேனேஜர் நினைப்பதுபோல் எத்தனை நாள் போகும் என்று எண்ணிப் பார்த்துவிடலாம். 28 வாரம் வரை மாதம் ஒரு முறை, 36 வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதன்பின் வாரம் ஒரு முறை என்பதுதான் வழக்கம். 36ஆவது வாரத்தில் நீங்கள் விடுப்பில் போவதாக வைத்துக்கொண்டால், அதற்குள் இன்னும் ஒன்பது முறை டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கும். எடை, பிரஷர், குழந்தையின் இதயத் துடிப்பு, டி.டி. ஊசி எல்லாம் சாயங்கால ஓ.பி.யிலோ சனிக்கிழமையிலோ முடிந்துவிடும். ஒரு மணி நேரம் பெர்மிஷன் போதும், பல நாள் அதுகூட வேண்டாம். சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு லேப் ஆள் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கே வந்து எடுத்துப் போவார். கட்டாயம் அரை நாள் கேட்க வேண்டியவை நான்குதான்: என்.டி. ஸ்கேன், குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேன், சுகர் டெஸ்ட், எட்டாம் மாத வளர்ச்சி ஸ்கேன். மொத்தத்தில் இரண்டு நாள் சி.எல். இந்தக் கணக்கை ஒரு தாளில் தேதியோடு எழுதி மேனேஜர் முன்னால் வையுங்கள். "மாசாமாசம்" என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

என்.டி. ஸ்கேன்தான் அவசரம். 11 வாரம் தொடங்கி 13 வாரம் 6 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். பிறவிக் குறைபாட்டுக்கு வாய்ப்பு உண்டா என்று கணிக்க, குழந்தையின் பிடரிக்குப் பின்னால் இருக்கும் நீரின் அளவைப் பார்ப்பது அது. அந்தக் கட்டம் தாண்டினால் அந்த அளவை மறுபடி எடுக்கவே முடியாது. 15 வாரத்துக்குப் பிறகு வேறு ரத்தப் பரிசோதனை இருந்தாலும் இதற்கு அது ஈடாகாது. "மாசக் கடைசி பில்லிங் முடியட்டும்" என்று யாராவது சொன்னாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது 11 வாரம் தாண்டியிருக்கும், இன்றே போன் போட்டு நேரம் வாங்கிவிடுங்கள். வாரக் கணக்கை கடைசி மாதவிலக்குத் தேதியிலிருந்து நீங்களாக எண்ண வேண்டாம். முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டில் டாக்டர் தேதியைத் திருத்தியிருந்தால் அதுதான் கணக்கு. இந்த ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்கும் டபுள் மார்க்கர் டெஸ்டுக்கான ரத்தத்தையும் அன்றைக்கே கொடுத்துவிட்டால் இன்னொரு காலைப் பொழுது மிச்சம்.

இதற்கு ஏன் பெர்மிஷன் போதாது, அரை நாளே வேண்டும் என்றால், குழந்தை தோதான நிலையில் படுத்திருந்தால்தான் அளவெடுக்க முடியும். குப்புறவோ குறுக்காகவோ கிடந்தால், "கொஞ்சம் நடந்துட்டு வாங்க, ஏதாவது சாப்பிட்டுட்டு வாங்க" என்று வெளியே அனுப்பி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அனாமலி ஸ்கேனிலும் இதே கதைதான். அதை 18லிருந்து 20 வாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் ஆதார் நகலும் கையில் இருக்கட்டும். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டப்படி ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 'ஃபார்ம் எஃப்' நிரப்பாமல் ஸ்கேன் எடுக்க மாட்டார்கள். சீட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்து, எடுத்த லீவு வீணாகித் திரும்புகிறவர்கள் நிறைய.

சுகர் டெஸ்ட் 24லிருந்து 28 வாரத்துக்குள். முதல் செக்கப்பிலேயே ஒரு முறை பார்த்திருந்தாலும் இதை விடக் கூடாது. 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஐந்து, பத்து நிமிஷத்துக்குள் குடித்துவிட்டு, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொள்வார்கள். குடித்துவிட்டு ஆபீஸுக்கு ஓடிப்போய் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள், நடந்தால் அளவு மாறும். அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் அன்றைய டெஸ்ட் செல்லாது, வேறொரு நாள் மறுபடி குடிக்க வேண்டும். அதற்கு ஒரு அரை நாளைக் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள். உங்கள் டாக்டர் வெறும் வயிற்றில் தொடங்கி மூன்று முறை ரத்தம் எடுக்கும் முறையைக் கேட்கிறாரா என்பதை முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கு இரவு முதல் எட்டு மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும்.

டாக்டர் மயிலாப்பூரில் இருப்பதால் ஸ்கேனையும் அங்கேயே எடுக்க வேண்டியதில்லை. வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் டாக்டர் ஒப்புக்கொள்ளும் ஸ்கேன் சென்டர் எது என்று அவரிடமே கேளுங்கள். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கினால் பதினொன்றரைக்குள் கிண்டிக்கு வந்துவிடலாம். ரிப்போர்ட்டை அடுத்த சாயங்கால ஓ.பி.யில் காட்டினால் போதும். கவலைப்படும்படி ஏதாவது இருந்தால் ஸ்கேன் எடுத்தவரே அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிடுவார்.

அடுத்து, மேனேஜரிடம் வாயால் சொன்னது போதாது. அவருக்கும் எச்.ஆருக்கும் சேர்த்து ஒரு மெயில் அனுப்புங்கள், ஆபீஸில் எந்த மொழி புழக்கமோ அந்த மொழியில். இவ்வளவு இருந்தால் போதும்: "நான் கர்ப்பமாக இருக்கிறேன். பிரசவத் தேதி இன்னது. இந்த நான்கு தேதிகளில் காலை அரை நாள் சி.எல். வேண்டும். மற்ற பரிசோதனைகளை வேலை நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்கிறேன். தேதி மாறினால் இரண்டு நாள் முன்னதாகத் தெரிவிக்கிறேன். இவற்றை மகப்பேறு விடுப்பில் சேர்க்க வேண்டாம்." பிரசவத் தேதி இருக்கும் டாக்டர் சீட்டை மட்டும் இணைத்தால் போதும். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ரத்த ரிப்போர்ட்டையும் ஆபீஸில் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. போய் வந்ததற்குச் சாட்சி கேட்டால் அன்றைய ஓ.பி. சீட்டின் நகல் போதும். மெயிலின் ஒரு பிரதியை உங்கள் சொந்த முகவரிக்கும் அனுப்பி வையுங்கள்.

மாமியார் சொல்வதைத் தட்ட வேண்டாம், அவர் பயம் நமக்குப் புரிகிறது. "ஆபீஸ்ல ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்மா, லீவுக்காகச் சொல்ல வேண்டியதாப் போச்சு" என்று பக்குவமாகச் சொல்லுங்கள். விஷயத்தை வெளியில் விட வேண்டாம் என்று மெயிலிலேயே ஒரு வரி எழுதிவிடலாம். பக்கத்து சீட்டுக்காரருக்கு அஞ்சாம் மாசம் தெரிந்தால் போதும்.

ஒன்றிரண்டு நாள் எல்.ஓ.பி. ஆகிவிட்டால் மகப்பேறு பணம் குறைந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. குறையாது. விடுப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த நாட்களின் சராசரி தினச் சம்பளம்தான் அதற்கு அடிப்படை. தகுதிக்குத் தேவையானது, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை. அதை எளிதாகத் தாண்டிவிடுவீர்கள். கர்ப்பமாக இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்தினாலும், பெரிய ஒழுங்கீனம் எதுவும் இல்லாதவரை, மகப்பேறு பணம் பெறும் உரிமை போய்விடாது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் இலவச மருத்துவ வசதியைக் கம்பெனி செய்து தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் தர வேண்டும். பல கம்பெனிகளில் கேட்டால்தான் கொடுப்பார்கள், கேளுங்கள்.

தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும், கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்து பெறும் பிக்மி எண்ணை வாங்கிவிடுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். வீட்டருகே உள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடமோ 102 எண்ணிலோ கேட்டால் வழி சொல்வார்கள். அதற்காக லீவு போட வேண்டாம்.

ரத்தப்போக்கு, நீர் கசிவு, கண் மங்கலோடு கடும் தலைவலி, விடாத வயிற்றுவலி, ஆறாம் மாதத்துக்கு மேல் குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் அனுமதிக்காகக் காத்திருக்காமல் அந்த நிமிஷமே கிளம்பிவிடுங்கள். தேவைப்பட்டால் 108. மெசேஜை வண்டியில் ஏறிய பிறகு அனுப்பலாம்.

மெயிலுக்குப் பிறகும் செக்கப் நாளை மகப்பேறு விடுப்பில் கழித்தால், அந்த மாதச் சம்பளச் சீட்டையும் லீவுப் பதிவின் ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து எச்.ஆருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் அவற்றோடு எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். கிண்டியிலிருந்து மெட்ரோவில் ஏறினால் டி.எம்.எஸ். ஸ்டேஷனிலேயே இறங்கிவிடலாம்.