புகை வந்த பாதையும் கணக்கில் சேராத ஊர்களும்

கணினி மாதிரிகளைக் கொண்டு காற்று மாசை ஆராய்வதால் நாடுகளுக்கு இடையிலான அரசியலில் ஏதாவது மாறுமா என்பது கேள்வி. மாறும். ஆனால் மாதிரி சரியாக இருந்தால் மட்டும் போதாது, பேச வந்திருக்கிற எல்லா நாடுகளும் அதை நம்ப வேண்டும்.

2022 டிசம்பர் 8ஆம் திகதி, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் வழக்கமாகத் தெரிகிற கடல் தெரியவில்லை. அம்மாவுக்கு முட்டு வருத்தம். அன்று இரவு அவர் படுக்கவே இல்லை, கதிரையில் சாய்ந்தபடி மூச்சுக்குத் தவித்தார். மறுநாள் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வங்கக் கடலில் இருந்த மண்டூஸ் புயல் இந்தியப் பக்கத்து மாசை இங்கே இழுத்து வந்தது என்றார்கள்.

நானும் ஹைஸ்பிளிட் மாதிரியை ஓட்டிப் பார்த்தேன். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதுதான். இடம், திகதி, உயரம் கொடுத்தால், காற்று வந்த வழியை மணிக்கணக்காகப் பின்னோக்கி வரைந்து காட்டும். கோடு கடலைத் தாண்டி வடக்கே போனது. சரி, பாதை தெரிந்துவிட்டது. ஆனால் அம்மாவின் நெஞ்சுக்குள் போனதில் எவ்வளவு அங்கிருந்து வந்தது, எவ்வளவு கொழும்பின் காலி வீதியில் ஓடும் பஸ்கள் கக்கியது? அதை அந்தக் கோடு சொல்லாது. அதற்கு எந்த ஊரில், எந்த ஆலையில், எந்த வயலில் எவ்வளவு புகை கிளம்புகிறது என்ற கணக்கு வேண்டும். யாருடைய கணக்கை எடுப்பது? அரசியல் அங்கேதான் தொடங்குகிறது.

ஐரோப்பா இதைக் கடந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அமில மழையால் ஸ்கண்டினேவிய ஏரிகளில் மீன்கள் செத்தன. 1979இல் ஜெனீவாவில், எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி உடன்படிக்கை ஒன்று வந்தது. 1985இல் ஹெல்சிங்கியில், எல்லாரும் அமில மழைக்குக் காரணமான கந்தகப் புகையை 30 சதவீதம் குறைப்போம் என்றார்கள். பிரித்தானியா கையெழுத்திடவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவு என்பதும் நியாயமில்லை, ஒரே அளவு புகை ஓரிடத்து மண்ணைக் கெடுக்கும், வேறிடத்து மண் தாங்கிக்கொள்ளும்.

அப்புறம்தான் ஒஸ்ட்ரியாவில், பனிப்போரின் இரு தரப்பு நாடுகளும் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு நிறுவனத்தில் உருவான ரெயின்ஸ் மாதிரி கைகொடுத்தது. எங்கே எவ்வளவு புகை, காற்று அதை எங்கே கொண்டு போடுகிறது, அந்த மண் எவ்வளவு தாங்கும், குறைக்க என்ன செலவு என்ற நான்கையும் அது ஒன்றாகக் கணக்கிட்டது. அந்தக் கணக்கை வைத்தே 1994 ஒஸ்லோ நெறிமுறையில் நாட்டுக்கு நாடு வேறு இலக்கு வந்தது. பிரித்தானியா 2010க்குள் 80 சதவீதம் குறைக்கச் சம்மதித்தது. நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறியதும் அதற்கு உதவியது, அதையும் சொல்ல வேண்டும்.

தெற்காசியாவிலும் 1998இல், எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி மாலே பிரகடனம் வந்தது. ஈரானும் சேர்ந்து எட்டு நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை விஞ்ஞானிகள் ஒன்றாக இருந்து, தங்கள் நாட்டுக் கணக்கைத் தாங்களே கொடுத்து ஓட்டுகிற மாதிரியைத்தான் நான் கேட்பேன். டெல்லியைக் குறை சொல்ல மட்டும் அதைப் பயன்படுத்தினால் டெல்லி ஏன் நம்பப் போகிறது? நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தையும் கொழும்பின் டீசல் பஸ்களையும் முதலில் நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.