சிஎஸ்ஸா அப்ளைட் மாத்ஸா எண்டு கேட்ட தர்மபுரம் தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதானே: ஏஎல் (உயர்தரம்) மாத்ஸ் நல்ல ரிசல்ட், குடும்பமா பிஆர்ல (நிரந்தர வதிவிட உரிமையில) கனடா வந்து இப்ப ஸ்காபரோவில இருக்கிறீங்கள், இஞ்சத்தைய வாட்டர்லூ யூனிவர்சிட்டிக்கு போடப் போறீங்கள், சித்தப்பா சிஎஸ்தான் (கொம்பியூட்டர் சயன்ஸ்) எண்டு ஒரே பிடியா நிக்கிறார், உங்கட மனம் அப்ளைட் மாத்ஸில நிக்குது. நானும் கிளிநொச்சிப் பக்கம்தான், வட்டக்கச்சி, வாட்டர்லூவின்ர மாத்ஸ் ஃபகல்டியிலதான் படிச்சனான், இப்ப ஒரு காப்புறுதிக் கம்பனியில வேலை. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

முதல்ல, இணைந்த கணிதம் ரெண்டாம் பேப்பர் செய்த பழக்கத்தில அப்ளைட் மாத்ஸ் எண்டா கப்பியும் எறியமும்தான் எண்டு நினைச்சுக்கொண்டு போகாதேங்கோ. இஞ்ச அது கனக்க வகையீட்டுச் சமன்பாடு (ஒண்டு எவ்வளவு வேகமா மாறுது எண்டதை வச்சு எழுதிற சமன்பாடு), கையால தீர்க்கேலாததை கொம்பியூட்டரால கிட்டத்தட்ட தீர்க்கிற முறையள், பிறகு தண்ணி எப்பிடி ஓடும் நோய் எப்பிடிப் பரவும் எண்டு மொடல் பண்ணுறது. கொவிட் நேரம் எல்லாரும் பாத்த அந்த வளைவுகள் இருக்கே, அதில கனக்க 1927இல கெர்மக், மெக்கென்ட்ரிக் எண்ட ரெண்டு பேர் நோய் பரவுறதைப் பற்றி எழுதின சமன்பாடுகளின்ர வழியில வந்ததுதான். சிஎஸ்ஸும் வெறும் கோடிங் இல்லை, அல்கோரிதம், ஒப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வேர்க், டேட்டாபேஸ் எண்டு போகும், அதுக்குள்ளயும் கணிதம் நிறைய இருக்கு.

உங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுறன். 2018 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும், கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு திறந்து கண்டாவளைப் பக்கமெல்லாம் தண்ணி. மேல கனகராயன் ஆற்றுப் பக்கம் இவ்வளவு மழை பெய்தா அது எத்தினை மணித்தியாலத்தில குளத்துக்கு வந்து சேரும், இப்ப இருக்கிற மட்டத்துக்கு எந்த நேரம் எத்தினை கதவை எவ்வளவு திறந்தா கட்டும் தப்பும் கீழ இருக்கிற சனமும் தப்பும், இதைக் கணக்காக்கிறது அப்ளைட் மாத்ஸ். அடிப்படையில வாற தண்ணியில இருந்து போற தண்ணியைக் கழிச்சா குளம் நிரம்பிற வேகம், அவ்வளவுதான், ஆனா மழையும் மண்ணும் ஆவியாகிறதும் உள்ளுக்க வந்தா அது வருசக்கணக்கா இருந்து செய்யிற வேலை. மழைமானியள் தாற அளவை நிமிசத்துக்கு நிமிசம் எடுத்து, ஒரு கருவி பழுதானாலும் கரண்ட் போனாலும் குழம்பாம, நடுச்சாமத்தில கீழ இருக்கிற அத்தினை வீட்டு போனுக்கும் எச்சரிக்கை போகப் பண்ணுறது சிஎஸ். ரெண்டும் இல்லாம சனத்தைக் காப்பாத்தேலாது. இதில எந்தப் பாதியை இரவிரவா இருந்து செய்ய உங்களுக்கு விருப்பம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, சித்தப்பாவால அதுக்குப் பதில் சொல்லேலாது.

சரி, இனி நடைமுறை. வாட்டர்லூவில சிஎஸ் இருக்கிறதே மாத்ஸ் ஃபகல்டிக்குள்ளதான், 1967இல தொடங்கின ஃபகல்டி அது. முதல் வருசம் ரெண்டு பக்கமும் அல்ஜிப்ரா, கல்குலஸ், லீனியர் அல்ஜிப்ரா, புரோகிராமிங் எண்டு பெரும்பாலும் ஒண்டுதான். ஆனா சிஎஸ்ஸுக்கு எடுபடாம வெறும் மாத்ஸில உள்ள வந்து பிறகு சிஎஸ்ஸுக்கு மாறுறது சரியான கஷ்டம், மற்றப் பக்கமா மாறுறது லேசு. அதால என்ர முடிவு, சிஎஸ் கிடைச்சா எடுங்கோ, எடுத்துக்கொண்டு வகையீட்டுச் சமன்பாடு, நிகழ்தகவு, நியூமெரிக்கல் பாடங்களை விடாம எடுங்கோ, ரெண்டாம் வருசத்தில மனம் இன்னும் அங்கதான் இழுத்தா மாறுங்கோ. கிடைக்காட்டி அழ வேண்டாம், அப்ளைட் மாத்ஸ் எடுத்து புரோகிராமிங்கை மட்டும் கைவிடாதேங்கோ. ஒண்டு, மாத்ஸை விட சிஎஸ்ஸுக்கு ஃபீஸ் கூட, அதை வீட்டில முதலே கதைச்சு வையுங்கோ. பிஆர் இருக்கிறதால ஓசாப்புக்கு (ஒன்டாரியோ அரசாங்கத்தின்ர படிப்பு உதவிக் காசு) போடலாம், கோஆப்பில (படிப்புக்கு இடையில கம்பனியில வேலை செய்யிற டேர்ம்) சம்பளமும் வரும். (ஊரில இருக்கிற உங்கட மச்சாளும் இதே குழப்பத்தில எண்டு எழுதினீங்கள், அவவுக்கு வவுனியாப் பல்கலைக்கழகத்தைப் பாக்கச் சொல்லுங்கோ, பம்பைமடுவில பிரயோக கணிதமும் கணினியும் சேர்ந்த பட்டமே இருக்கு.)

சித்தப்பா சொல்லுற வேலை விசயம் முழுப் பிழை இல்லை, ஆனா 2022 கடைசியில இருந்து பெரிய டெக் கம்பனியளே ஆக்களை நிப்பாட்டினது எல்லாருக்கும் தெரியும், புதுசா முடிச்சு வாற பிள்ளையளுக்கு சிஎஸ் எண்ட பேர் மட்டும் காணாது. இப்ப எல்லாரும் கதைக்கிற ஏஐயைப் பயிற்றுறதே உள்ளுக்க தாயங்களும் (மேட்ரிக்ஸ்) வகையீட்டில நீங்கள் படிச்ச சங்கிலி விதியும்தான். என்ர வேலையிடத்தில ரெண்டு பக்கத்தாலயும் வந்த ஆக்கள் இருக்கினம், கணக்கும் விளங்கி கோடும் எழுதத் தெரிஞ்ச பிள்ளையைத்தான் எல்லாரும் தேடிப் போகினம்.

எனக்கு உங்களைப் பற்றி உள்ள ஒரே பயம் முதல் டேர்ம் அல்ஜிப்ரா. எங்கட பிள்ளையள் பாஸ்ட் பேப்பர் செய்து செய்து தொகையீட்டில கை மின்னலா ஓடும், ஆனா அந்தப் பாடம் முழுக்க நிறுவல், விடை வந்தா போதாது, ஏன் எப்பவும் அப்பிடித்தான் வரும் எண்டு வசனமா எழுதோணும், அதுவும் இங்கிலீஸில. ஏஎல்லில செய்த கணிதத் தொகுத்தறிவு கொஞ்சம் உதவும். விளங்காட்டி பேசாம இருக்காதேங்கோ, ஒவ்வொரு கிழமையும் ஒஃபிஸ் அவருக்கு (படிப்பிக்கிற ஆக்கள் சந்தேகம் கேக்க ஒதுக்கிற நேரம்) போய் கேளுங்கோ, இஞ்ச கேக்கிறதை ஒருத்தரும் குறைவா நினைக்க மாட்டினம். அந்த டேர்மில இரவு ஷிஃப்ட் வேலைக்கும் போக வேண்டாம், ஊருக்கு அனுப்புற காசு நாலு மாசம் குறைஞ்சா அங்க இருக்கிற சொந்தக்காரர் விளங்கிக்கொள்ளுவினம்.

வாட்டர்லூவின்ர சிஈஎம்சி எண்ட கணித, கணினிக் கல்வி நிலையம், பள்ளிக்கூடக் கடைசி வருசப் பிள்ளையளுக்கு வைக்கிற யூக்ளிட் கணிதப் போட்டியின்ர பழைய பேப்பரெல்லாம் இலவசமாப் போட்டிருக்கு, பத்துக் கேள்வி, ரெண்டரை மணித்தியாலம். இந்தக் கிழமை ஒண்டை நேரம் வச்சு எழுதிப் பாத்திட்டு எங்க மாட்டுப்பட்டனீங்கள் எண்டு எனக்கு எழுதுங்கோ, சேர்ந்து பாப்பம்.