பல் இம்ப்ளாண்ட்: கேளுங்கள், சொல்கிறேன்

பல் போன இடத்தில் பல் கட்டுவதுதான் 19 வருடமாக என் வேலை. இம்ப்ளாண்ட் என்பது பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் முறுக்கிவைக்கும் டைட்டானிய ஸ்க்ரூ, அதன்மேல்தான் புதுப் பல் நிற்கும். அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லிவைத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன். உங்கள் வாயைத் திறந்து நான் பார்க்கவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அவசரமான ஒன்று.

கேள்வி: நேற்று முன்தினம் கீழ்க் கடைவாயில் இம்ப்ளாண்ட் போட்டார்கள். ஊசி போட்ட மரமரப்பு இன்னும் போகவில்லை. கீழுதட்டில் ஒரு பக்கம் டீ வழிந்தால்கூடத் தெரியவில்லை. தானாகச் சரியாகிவிடுமா?

தம்பி, இது ஊசியின் மரமரப்பு இல்லை. அந்த ஊசி வழக்கமாக நாலைந்து மணி நேரத்தில் இறங்கிவிடும். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். ஸ்க்ரூ அதை அழுத்திக்கொண்டிருக்கலாம். முதல் ஒன்றரை நாளுக்குள் ஸ்க்ரூவைக் கழற்றினால் நரம்பு மீள்வதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. அந்த நேரம் தாண்டிவிட்டது, இருந்தாலும் இன்றைக்கே போங்கள். நாளைக்கு வாங்க என்றால் கேட்காதீர்கள், போய் உட்கார்ந்துவிடுங்கள். ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு: நரம்புக்கும் ஸ்க்ரூவின் முனைக்கும் நடுவில் குறைந்தது 2 மி.மீ. இடைவெளி விடுவது வழக்கம். சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேனில் இதைத் துல்லியமாக அளக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது.

கேள்வி: எலும்பில் துளை போடுவார்களாமே. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ரொம்ப வலிக்குமா?

துளை போடுவது உண்மைதான். ஆனால் எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் சொல்வது, "பல் பிடுங்கினப்போ இதைவிட வலிச்சுது டாக்டர்" என்றுதான். நடப்பதைச் சொல்கிறேன். ஊசி போட்டு மரத்த பிறகு ஈறைக் கொஞ்சம் கீறி விலக்குவோம். மெல்லிய டிரில்லில் ஆரம்பித்து, ஒன்றைவிட ஒன்று சற்றுத் தடிமனாக நாலைந்து டிரில் மாற்றுவோம். கிணற்றுக்குப் போர் போடுகிற மாதிரிச் சத்தமெல்லாம் வராது, தாடையில் ஓர் அதிர்வு தெரியும், அவ்வளவுதான். உப்புநீர் கொட்டிக்கொண்டே இருக்கும், உதவியாளர் அதை உறிஞ்சிக்கொண்டே இருப்பார். அந்தத் தண்ணீர் வெறும் சுத்தத்துக்கு இல்லை. எலும்பு 47 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே அதன் செல்கள் செத்துப்போகும். செத்த எலும்பில் ஸ்க்ரூ ஒட்டாது. டிரில்லை மெதுவாக விட்டு, எடுத்து, மறுபடி விடுவதும் அதனால்தான்.

கடைசியில் ஸ்க்ரூவை முறுக்குவோம். பெரும்பாலும் 4 மி.மீ. தடிமன், 10 மி.மீ. நீளம் இருக்கும். சின்ன ராட்சட் சாவியால் இறுக்கும்போது டிக், டிக் என்று கேட்கும், அது உடைகிற சத்தம் இல்லை, பயப்படாதீர்கள். தையல் போட்டு அனுப்பிவிடுவோம். ஒரு பல் என்றால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். அன்று மாலை கொஞ்சம் வலி, இரண்டாம் மூன்றாம் நாள் கன்னம் வீங்கும், பிறகு வடியும். நான்காம் நாள் வலி குறையாமல் கூடுகிறது என்றால் போன் பண்ணுங்கள்.

கேள்வி: ஸ்க்ரூ போட்டாயிற்று. பல் வைக்க நான்கு மாதம் ஆகும் என்கிறார்கள். விளம்பரத்தில் "மூன்று நாளில் நிலையான பல்" என்று வருகிறதே, எது உண்மை?

இரண்டும் உண்மை, ஆனால் இரண்டும் எல்லாருக்கும் பொருந்தாது. இதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 1952இல் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர், முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியத்தால் ஆன சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றாகிப் போயிருந்தது. இம்ப்ளாண்ட் என்பது இந்த ஒட்டுதல்தான். ஸ்க்ரூவின் மேல் பரப்போடு எலும்பு நேரடியாக வளர்ந்து சேர வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். கீழ்த்தாடை எலும்பு கெட்டி, மூன்று மாதம் போதும். மேல்தாடை பின்பக்கம் ஸ்பாஞ்சு மாதிரி, ஆறு மாதம்கூட ஆகலாம்.

எலும்பு நன்றாக இருந்து, முறுக்கும்போதே ஸ்க்ரூ கெட்டியாக நின்றால் (கணக்கு: 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு விசை) உடனே தற்காலிகப் பல் வைக்கலாம். பல ஸ்க்ரூக்களை ஒரே பட்டையாகச் சேர்த்துக் கட்டும்போதும் முடியும். ஒன்றோடொன்று தாங்கிக்கொள்ளும். ஆனால் தனியாக நிற்கும் ஒரு கடைவாய்ப்பல்லில் மூன்றாம் நாளே சீடை கடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஸ்கேன் பார்ப்பதற்கு முன்பே நாள் குறிக்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

கேள்வி: ஒரு இடத்தில் 25 ஆயிரம், இன்னொரு இடத்தில் 60 ஆயிரம் சொல்கிறார்கள். ஒரே பல்லுக்கு ஏன் இத்தனை வித்தியாசம்?

இம்ப்ளாண்ட் மூன்று பாகம்: எலும்புக்குள் ஸ்க்ரூ, அதன்மேல் அபட்மென்ட் என்கிற இணைப்புத் துண்டு, அதற்கும் மேலே கேப். குறைவாகச் சொன்னவர் ஸ்க்ரூவுக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். மூன்றும், ஸ்கேனும், எலும்பு போதாத இடத்தில் நிரப்பும் எலும்புப் பொடி தேவைப்பட்டால் அதுவும் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மீதி வித்தியாசம் கம்பெனியில். சுவிட்சர்லாந்து ஸ்ட்ராமன் ஒரு விலை, கொரியாவின் ஆஸ்டெம் வேறு விலை. விலை குறைந்தது எல்லாம் மட்டம் என்று சொல்ல மாட்டேன். கொரிய ஸ்க்ரூக்களை நானும் போடுகிறேன்.

எனக்கு முக்கியம் வேறு ஒன்று. ஸ்க்ரூ வரும் டப்பாவில் கம்பெனி பெயர், அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அம்மா வந்தார். வேறு ஊரில் போட்டது, கேப் ஆடுகிறது. உள்ளே இருக்கும் குட்டித் திருகாணியை இறுக்கினால் போதும், ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் திருகாணித் தலை வேறு, சாவி வேறு. போட்ட கிளினிக்கை மூடிவிட்டார்கள், கையில் ஒரு சீட்டும் இல்லை. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவின் வடிவத்தைப் பார்த்து, தெரிந்த டாக்டர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, கம்பெனியைக் கண்டுபிடித்துச் சாவி வாங்க மூன்று வாரம் ஆனது.

செலவு முடியாது என்பவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ அருகில் உள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரியிலோ விசாரியுங்கள். மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். கட்டணம் குறையும், நடை கூடும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. கீழ்ப் பல்செட் பேசும்போதே மிதக்கிறது. சாப்பிடும்போது கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிடுகிறார். எல்லாப் பல்லுக்கும் ஸ்க்ரூ போட வேண்டுமா?

வேண்டாம் அக்கா. இரண்டே இரண்டு போதும். கீழ்த்தாடையின் முன்பக்கம், இரண்டு கோரைப்பல் இருந்த இடத்தில் ஸ்க்ரூ வைத்து, அதன்மேல் பட்டன் மாதிரி ஒரு குமிழ். சட்டையின் பிரஸ் பட்டன் போலப் பல்செட் டப்பென்று மாட்டிக்கொள்ளும், ராத்திரி கழற்றிக் கழுவலாம். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதுதான் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் ஒத்துச் சொன்னார்கள். என் அனுபவத்தில் செலவுக்கு மிகப் பெரிய பலன் தருவது இந்த வேலைதான். மேல் செட் அண்ணத்தில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதை அப்படியே விடுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள், நான் கேட்கிறேன்: அம்மா எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறாரா? வாரம் ஒரு மாத்திரை, வருடம் ஒரு ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்று உண்டு. இவற்றால் அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிய ஆரம்பிக்கும். புற்றுநோய்க்காக அதிக அளவில் எடுப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம், அவர்களுக்கு நான் ஸ்க்ரூ போட மாட்டேன். எலும்புத் தேய்மானத்துக்கு மட்டும் என்றால் பேசி முடிவெடுக்கலாம். ஆனால் யாரும் ஊசியைத் தாமாக நிறுத்தாதீர்கள். ஆறு மாத ஊசியைச் சட்டென்று விட்டால் முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு. இதய நோயாளிகளும் ரத்தம் உறையா மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

கேள்வி: சர்க்கரை உண்டு. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 9.2. போடலாமா?

இப்போது வேண்டாம் ஐயா. 7.5 பக்கம் கொண்டுவந்துவிட்டு வாருங்கள். சர்க்கரை இருப்பதே தடை இல்லை, கட்டுக்குள் இல்லாததுதான் தடை. சிகரெட் பற்றிக் கேட்ட மூன்று பேருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: புகைப்பவர்களுக்கு ஸ்க்ரூ ஒட்டாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கேள்வி: மேல் கடைவாயில் எலும்பு போதவில்லை, சைனஸைத் தூக்கி எலும்புப் பொடி வைக்க வேண்டும் என்கிறார்கள். அது மாட்டு எலும்பு என்று நர்ஸ் சொன்னார். நாங்கள் சுத்த சைவம்.

நல்லவேளை கேட்டீர்கள். பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை. மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே சைனஸ் என்கிற காற்றறை இருக்கிறது. பல் போனபின் எலும்பு கீழிருந்து கரையும், காற்றறை மேலிருந்து இறங்கும். நடுவில் மூன்று நான்கு மி.மீ. மட்டும் மிஞ்சினால் ஸ்க்ரூ நிற்க இடம் இல்லை. அப்போது சைனஸின் சவ்வை மெல்ல மேலே தூக்கி, அடியில் பொடியை நிரப்புவோம். முட்டை ஓட்டை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் தோல் கிழியாமல் பார்த்துக்கொள்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் புழங்கும் பொடி மாட்டு எலும்பிலிருந்து வருவதுதான். புரதம் எல்லாம் நீக்கி, தாதுப் பகுதியை மட்டும் வைத்திருப்பார்கள். மேலே போர்த்தும் சவ்வு பல நேரம் பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன். அதனால் இஸ்லாமிய அன்பர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்று உண்டு. கால்சியம் பாஸ்பேட்டால் செய்த செயற்கைப் பொடி கிடைக்கிறது, உங்கள் தாடையிலிருந்தே கொஞ்சம் எலும்பு சுரண்டியும் எடுக்கலாம். எனக்கு எது வைக்கப் போகிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: கீழ்க் கடைவாய்ப்பல் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. மறுபக்கம் சாப்பிடுகிறேன், கஷ்டம் இல்லை. கட்டாயம் போட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. பின்பல் காலி இடத்தை நோக்கிச் சாயும், மேலே எதிரில் இருந்த பல் கீழே இறங்கிவரும். எலும்பும் ஒடுங்கும். பல் எடுத்த முதல் வருடத்திலேயே அகலம் பாதி வரை குறையலாம், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். இரண்டு வருடம் பொறுத்துவிட்டீர்கள், ஸ்கேன் எடுத்து இடம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துப் பற்கள் இரண்டும் ஏற்கெனவே ரூட் கெனால் செய்து கேப் போட்டவை என்றால் அந்த இரண்டையும் சீவி, அவற்றின்மேல் சேர்த்துக் கட்டும் பிரிட்ஜே போட்டுக்கொள்ளுங்கள், வீணாக ஸ்க்ரூ வேண்டாம். அவை சொத்தை இல்லாத நல்ல பற்கள் என்றால், அவற்றைச் சீவிக் கெடுப்பதைவிட இம்ப்ளாண்ட் மேல்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. கிரிக்கெட் பந்து பட்டு முன்பல் போய்விட்டது. இம்ப்ளாண்ட் உடனே போட வேண்டும் என்கிறான்.

தாடை இன்னும் வளர்கிறது அம்மா. ஸ்க்ரூ வளராது. மற்ற பற்கள் எலும்போடு கீழே இறங்க, இது மட்டும் மேலேயே நின்று குட்டையாகத் தெரியும். ஆண் பிள்ளைகளுக்கு 20 வயதாவது ஆகட்டும். அதுவரை பக்கத்துப் பல்லில் ஒட்டும் தற்காலிகப் பல் போதும். அடுத்த முறை யாருக்காவது பல் முழுசாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஓடி வாருங்கள். பல நேரம் திரும்ப வைத்துவிடலாம்.

கேள்வி: எம்ஆர்ஐ எடுக்க முடியுமா? ஏர்போர்ட்டில் கத்துமா?

எடுக்கலாம், டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. பல்செட்டில் காந்த இணைப்பு இருந்தால் மட்டும் முன்னாலேயே சொல்லுங்கள். ஏர்போர்ட்டில் கத்தியதாக இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை.

கேள்வி: வாழ்நாள் முழுக்க வருமா? முறுக்கு, மட்டன் எல்லாம் கடிக்கலாமா?

பிரோனெமார்க் முதன்முதலில் இம்ப்ளாண்ட் வைத்த மனிதர் யோஸ்டா லார்சன். 1965இல் வைத்தது, 2006இல் அவர் இறக்கும்வரை அதில்தான் சாப்பிட்டார். ஸ்க்ரூவுக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடும், அதுவும் சத்தமே இல்லாமல். வலிக்காது. தேய்க்கும்போது ரத்தம், அழுத்தினால் சீழ், ஒரு நாற்றம், இவைதான் அடையாளம். ஆட ஆரம்பித்த பிறகு வந்தால் பெரும்பாலும் கழற்றத்தான் வேண்டியிருக்கும். கேப்புக்கு அடியில் போகும் குட்டி பிரஷ் ஒன்றை வாங்கித் தினமும் ராத்திரி பயன்படுத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை க்ளீனிங்.

முறுக்கு தாராளமாகக் கடிக்கலாம். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது, சோற்றில் கல் இருந்தால் சட்டென்று வாயை நிறுத்தச் சொல்வது அதுதான். இம்ப்ளாண்டுக்கு அது கிடையாது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது சரியாகத் தெரியாமல் கேப்பை உடைத்துக்கொண்டு வருவார்கள், தீபாவளிக்கு மறுவாரம் எப்படியும் இரண்டு பேர். மட்டன் சாப்பிடுங்கள், நல்லி எலும்பை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.