22 மாசம் ஆச்சு, இன்னும் நாலு வார்த்தைதான்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பையனுக்கு 22 மாசம். அம்மா, தாத்தா, கா, பூ, இவ்வளவுதான் பேசறான். நாத்தனார் பொண்ணு இவனைவிட ஒரு மாசம் சின்னவ, "பாட்டி இங்க வா, பால் வேணாம்"னு பேசறா. யார் வீட்டுக்கு வந்தாலும் ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வெச்சுப் பேச விட்டுப் பாக்கறாங்க, எனக்கு அழுகையா வருது. மாமியார், "இவங்கப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான், ஆம்பளப்புள்ள லேட்டாதான் பேசும், வசம்பு சுட்டு நாக்குல தேய்"ங்கறாங்க. காத்திருக்கலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: நாத்தனார் பொண்ணோட ஒப்பிடறதை முதல்ல விட்ருங்கம்மா. ரெண்டு வயசுல ஒரு குழந்தை 50 வார்த்தை பேசும், இன்னொண்ணு 300 பேசும், ரெண்டும் நார்மல்தான். ஆனா உங்க பையன் நாலுல நிக்கறான், அதனால "எல்லாம் தானா வந்துரும்"னு சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல. ரெண்டு வயசுல நூறு குழந்தைல பத்து பதினஞ்சு இப்படி லேட்டா இருக்கும், அதுல பாதிக்கு மேல ஸ்கூல் போறதுக்குள்ள மத்த பிள்ளைங்களை எட்டிப் பிடிச்சிரும், மிச்சப் பேருக்கு உதவி வேணும். யாரு எந்தப் பக்கம்னு வார்த்தைய எண்ணி மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

அவனுக்கு எவ்வளவு புரியுதுன்னு பாருங்க. "சொல்றதெல்லாம் புரியுது"ன்னு எல்லா வீட்லயும் சொல்லுவாங்க, ஆனா செருப்ப எடுன்னு சொல்லும்போதே நம்ம கை செருப்பு பக்கம் போயிருக்கும், கண்ணும் போயிருக்கும், குழந்தை அதைப் பாத்துதான் எடுக்குது. கையை மடில வெச்சுக்கிட்டு, அவன் முகத்தை மட்டும் பாத்து, "உன் செருப்ப எடுத்துட்டு வந்து தாத்தாகிட்ட குடு"ன்னு சொல்லிப் பாருங்க. செஞ்சுட்டான்னா ரொம்ப நல்ல விஷயம். அடுத்து, மேல ப்ளேன் போனா விரல நீட்டிக் காட்டிட்டு, நீங்களும் பாத்தீங்களான்னு திரும்பி உங்க முகத்தைப் பாக்கறானா? பேச்சு வர்றதுக்கு முன்னாடியே இதெல்லாம் வந்திருக்கணும். எண்ணும்போது ஒண்ணு கவனிங்க, பஸ்ஸைப் பாக்கறப்பல்லாம் "பூம்"னு ஒரே மாதிரி சொன்னா அதுவும் ஒரு வார்த்தைதான், மாட்டுக்கு "ம்ம்பா"வும் கணக்குதான். தெளிவா இருக்கணும்னு இல்ல, ர, ழ எல்லாம் நாலஞ்சு வயசு வரைக்கும் கூட மழலையாவே இருக்கும்.

மாமியார் சொல்றதுல பாதி உண்மை. ஆம்பளப் பசங்க சராசரியா பின்னாடிதான், ஆனா அது ஒரு மாசம் ரெண்டு மாச வித்தியாசம், வருஷக் கணக்குல இல்ல. அப்பா லேட்டா பேசினதும் முக்கியம்தான், இது குடும்பத்துல வரும், அதனாலதான் இன்னும் சீக்கிரமா காட்டணும்னு சொல்றேன். வசம்பு வேண்டவே வேண்டாம். அதுல இருக்கற ஆசரோன்ங்கற பொருள் குழந்தைக்கு நல்லதில்ல, பேச்சுக்கும் அதுக்கும் சம்பந்தமும் இல்ல. பேச்சியம்மனுக்கு வேண்டிக்கிட்டா வேண்டிக்கோங்க, ஆனா காது டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீங்க.

காதுதான் முதல் வேலை. தட்டு விழுந்தா திரும்பறான், காலிங் பெல்லுக்கு ஓடறான், அதனால காது நல்லா இருக்குன்னு நினைச்சுக்காதீங்க. அடிக்கடி சளி பிடிச்சு நடுக்காதுல நீர் கோத்துக்கிட்டாக்கூட பெரிய சத்தம் கேக்கும், ச, ஸ மாதிரி மெல்லிசான சத்தம் கேக்காது, அப்புறம் எப்படி பேச்சைப் பிடிப்பான்? பிறந்தப்ப டெஸ்ட் எடுத்து பாஸ் ஆகியிருந்தாலும் திரும்ப எடுங்க. ஆடியாலஜிஸ்ட்னு காது கேக்கற திறனைப் பாக்கற நிபுணர் இருப்பாங்க, அவங்ககிட்ட ஓஏஇ (OAE), தேவைப்பட்டா பெரா (BERA)ன்னு காது டெஸ்ட் எடுங்க, ரெண்டுமே வலி இல்லாதது, பெராவை குழந்தை தூங்கறப்ப எடுப்பாங்க.

வீட்ல செய்யறதுக்கு ஒண்ணு சொல்றேன். பிஸ்கட்டை இறுக்கமா மூடற டப்பால போட்டு அவன் கைக்கு எட்டற எடத்துல வைங்க, தெறக்க முடியாம உங்ககிட்டதான் கொண்டு வருவான், உடனே தெறந்துராதீங்க, முகத்தைப் பாத்துக்கிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. "தெ"ன்னு ஒரு சத்தம் வந்தாலும் போதும், "தெற! டப்பா தெற!"ன்னு சொல்லிக்கிட்டே தெறங்க. எதுவுமே வரலைன்னாலும் நீங்களே சொல்லித் தெறந்து குடுங்க, அழ விடாதீங்க. "சொல்லு சொல்லு, பிஸ்கட் சொல்லு"ன்னு விரட்டினா பேசற பிள்ளையும் வாய மூடிக்கும். போனைக் காட்டி சோறு ஊட்டறதையும் நிறுத்துங்க. ரெண்டு வயசுக்குள்ள ஸ்க்ரீனே வேண்டாம், சொந்தக்காரங்களோட வீடியோ கால் மட்டும் எப்பவாவது பரவால்லன்னு இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2021லயே சொல்லிட்டாங்க. போன் பேசும், ஆனா குழந்தை பேசறதுக்காகக் காத்திருக்காது, அதான் பிரச்சனை.

கேள்வி: பெங்களூர்ல இருக்கோம். வீட்ல தமிழ், பாத்துக்கற அக்கா கன்னடம், ப்ளே ஸ்கூல்ல இங்கிலீஷ். பொண்ணுக்கு ரெண்டரை வயசு, கலந்து கலந்து பேசறா. ஸ்கூல்ல இனிமே வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்கன்னு சொல்றாங்க. (வாசகர், பெங்களூர்)

பதில்: பேசாதீங்க! பல மொழி கேட்டு வளர்றதால பேச்சு தாமதம் ஆகறதில்ல. தமிழ் வார்த்தை, கன்னட வார்த்தை, இங்கிலீஷ் வார்த்தை எல்லாத்தையும் சேர்த்து எண்ணுங்க. ஒரே மொழில எண்ணினா எந்தக் குழந்தையும் கம்மியாதான் தெரியும். "வாட்டர் பேக்கு"ன்னு (கன்னடத்துல பேக்குன்னா வேணும்) கலந்து பேசறதும் கோளாறு இல்ல. உங்களுக்கு எந்த மொழில கொஞ்ச வருதோ, திட்ட வருதோ, கதை சொல்ல வருதோ அதுலயே பேசுங்க. மூணு மொழிலயும் சேர்த்து ரெண்டு வார்த்தையக் கோத்துப் பேசலைன்னா மட்டும் காட்டுங்க, அப்பவும் தமிழை நிறுத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க.

கேள்வி: 20 மாசப் பொண்ணு. ஒரு வயசுல அம்மா, அப்பா, டாட்டா எல்லாம் சொன்னா, இப்ப எதுவுமே சொல்றதில்ல, பேர் சொல்லிக் கூப்ட்டாலும் திரும்பறதில்ல. பல்லு முளைக்கற நேரம், அப்படித்தான் இருக்கும்ங்கறாங்க. (வாசகி, விருதுநகர்)

பதில்: இதுல காத்திருக்கவே கூடாது. வந்த பேச்சு போறதுக்கும் பல்லு முளைக்கறதுக்கும் சம்பந்தம் இல்ல. காது கேக்கறது குறைஞ்சிருக்கலாம், ஆட்டிசமா இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம், நேர்ல பாத்தாதான் சொல்ல முடியும். இந்த வாரமே குழந்தை டாக்டரைப் பாருங்க. அரசு ஆஸ்பத்திரிகள்ல ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்ங்கற குழந்தைகள் நலத் திட்டத்துல மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம்னு நடத்தறாங்க, டிஇஐசின்னு கேட்டா சொல்லுவாங்க, காது டெஸ்ட், ஸ்பீச் தெரபி, வளர்ச்சி பரிசோதனை எல்லாம் அங்க இலவசம். எங்க போறதுன்னு தெரியலைன்னா அங்கன்வாடி டீச்சரைக் கேளுங்க. போறப்ப அவ முன்னாடி பேசின வீடியோ போன்ல இருந்தா எடுத்துட்டுப் போங்க, டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.