பின்னால் எடுக்கும்போது முன்னால் இடிப்பது ஏன்? பிக்அப் ஓட்டுபவர்களின் கேள்விகள்

என் டிங்கரிங் பட்டறைக்கு வரும் லோடு வண்டிகளில் நெடுஞ்சாலையில் அடிபட்டு வருபவை கொஞ்சம்தான். கடை வாசல், குடோன், கல்யாண மண்டபம், மார்க்கெட் சந்து என்று நடக்கிற வேகத்தில் ரிவர்ஸ் எடுத்து ஒடுக்கு வாங்கி வருபவையே அதிகம். எல்லாரும் சொல்லும் கதையும் ஒன்றுதான்: "எப்படி இடிச்சுதுன்னே தெரியலண்ணே." பட்டறை போடுவதற்கு முன் 18 வருடம் லோடு ஓட்டியவன் நான். எப்படி இடித்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் இடித்திருக்கிறேன்.

பொலேரோ பிக்அப் வைத்திருக்கிறேன். எங்கள் சந்தில் இடது பக்கம் குடோன் கேட். ரிவர்ஸில் உள்ளே விடும்போது பின்பக்கம் அழகாகப் போகிறது. ஆனால் முன் பம்பரின் வலது மூலை எதிர்ச் சுவரில் உரசிவிடுகிறது. இரண்டு மாதத்தில் மூன்று தடவை. கண்ணில் ஏதும் கோளாறா?
– தாராபுரம் வாசகர்

கண் டாக்டரிடம் போக வேண்டாம். நீங்கள் இடது கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், வண்டி வலது பக்கம் இடித்தது. அவ்வளவுதான்.

திரும்புவது முன்சக்கரம் மட்டும்தான். பின்சக்கரம் நேராகவே உருளும். அதனால் ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால், பின்பகுதி கேட்டுக்குள் நுழையும்போது மூக்கு எதிர்ப் பக்கமாக வீசிக்கொண்டு போகும். மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) உள்ள வண்டியில், முழுதாக ஒடித்தால் அந்த வீச்சு கிட்டத்தட்ட நான்கு அடி வரும். நம்பிக்கை இல்லையென்றால் காலி மைதானத்தில் முன் மூலைக்கு நேர்கீழே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒடித்து எடுத்துப் பாருங்கள். மூலை கோட்டைத் தாண்டி எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள்.

அப்புறம் பார்வையை எப்போது எங்கே வைப்பது? உள்பக்கப் பின்சக்கரம் கேட் தூணைத் தாண்டும்வரை இடது கண்ணாடி. தாண்டிவிட்டதா, ஒடிப்பைக் கூட்டாதவரை அந்தத் தூண் உங்களை ஒன்றும் செய்யாது. அந்த நொடியிலேயே பார்வை வலது முன் மூலைக்கு வர வேண்டும். பெரும்பாலானவர்கள் தாண்டிய தூணையே கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று, முடிந்தால் சந்துக்குள் மறுமுனை வழியாக வாருங்கள். கேட் உங்கள் வலது பக்கம் வந்துவிடும். நம் ஊரில் ஸ்டீயரிங் வலது பக்கம் என்பதால், அந்தப் பக்கம் வளைத்து எடுத்தால் ஜன்னலில் தலையை நீட்டியே பின்சக்கரத்தைப் பார்க்கலாம். இடது பக்கம் வளைப்பது எப்போதும் குருட்டுப் பக்கம். அதுவும் முடியாது என்றால், ஒரே மூச்சில் உள்ளே போட நினைக்காமல் பாதி போய் நிறுத்தி, கொஞ்சம் முன்னே வந்து நேராக்கி, மறுபடி எடுங்கள். அதில் மானம் ஒன்றும் போய்விடாது.

எனக்கு இந்தப் பாடம் நிலக்கோட்டையில் கிடைத்தது. பூ மூட்டை ஏற்ற ரிவர்ஸ் எடுத்தேன். வண்டி முதலாளி பின்னால் நின்று "சூப்பர், சூப்பர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பின்பக்கம் சூப்பர்தான். முன்னால் ஈபி கம்பம்.

சென்சார், கேமரா இரண்டும் மாட்டினேன். பத்தாம் நாளே ஒரு வெல்டிங் கடை வாசலில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் குத்திவிட்டேன். சென்சார் கத்தவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– காங்கேயம் வாசகர்

ஏமாற்று இல்லை. பம்பரில் இருக்கும் சென்சார் ஒலியலை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. சுவர், கார் என்றால் அலை நன்றாகத் திரும்பும். மெல்லிய கம்பியிலிருந்து சரியாகத் திரும்பாது. பம்பர் உயரத்துக்கு மேலே நீட்டியிருக்கும் சன்ஷேட், தகர ஷெட், மரக்கிளை எதுவும் அதற்குத் தெரியாது. உங்கள் வண்டியின் பாடியோ அதைவிட எவ்வளவு உயரம்! இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அது கார் உயரத்துக்கு ஏற்ற பொருள் என்பதை லோடு வண்டிக்காரர் மறக்கக் கூடாது.

அதோடு ஒரு கேள்வி. அன்றைக்குப் பின்கதவைத் திறந்து தொங்கவிட்டபடியே எடுத்தீர்களா? தொங்கும் கதவு கேமராவையும் மறைக்கும், பின்விளக்கையும் மறைக்கும். பட்டறைக்கு வரும் வளைந்த கதவுகளில் பாதி அப்படி வளைந்ததுதான்.

கிளீனர் பையன் "வா வா" என்றான், நான் வந்தேன், சுவரில் இடித்தது. சம்பளத்தில் பிடிக்கலாமா?
– திருச்சி வாசகர்

பிடிக்காதீர்கள். ஸ்டீயரிங் உங்கள் கையில் இருந்தது.

பையன் எங்கே நின்றான் என்று யோசித்துப் பாருங்கள். வண்டிக்கு நேர் பின்னால், நடுவில் நின்றிருப்பான். அங்கே நின்றால் உங்கள் இரண்டு கண்ணாடியிலும் அவன் தெரியமாட்டான். தெரியாத ஆளின் "வா வா" வெறும் சத்தம்தான். அதுவும் டீசல் இன்ஜின் இரைச்சலில் "வா"வும் "போதும்"மும் ஒன்றுபோலக் கேட்கும். அதைவிடப் பெரிய பயம், வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் அவன் மாட்டிக்கொள்வது. பம்பரை நான் நிமிர்த்தித் தருவேன். பையனின் இடுப்பை யார் நிமிர்த்துவது?

டிரைவர் பக்கம், பின் மூலைக்குப் பக்கவாட்டில், பாடிக்குக் கை எட்டும் தூரத்தில், உங்கள் வலது கண்ணாடியில் முகம் தெரியும்படி நிற்கச் சொல்லுங்கள். முகம் மறைந்தால் நீங்கள் நிறுத்த வேண்டும், இதுதான் முதல் ஒப்பந்தம். வாயால் சொல்வதைவிட பாடியில் தட்டுவது நல்லது. பஸ் விசில் கணக்கேதான்: ஒரு தட்டு நில், இரண்டு தட்டு வா. நான் ஓட்டிய நாளில் என்னோடு இருந்த கிளீனர் உள்ளங்கையால் தட்டமாட்டார், மோதிர விரலால் தகரத்தில் "டக்" என்று ஒன்று வைப்பார். மார்க்கெட்டின் அத்தனை கூச்சலிலும் அந்த ஒரு டக் தனியாகக் கேட்கும், கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்.

வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று "லெஃப்ட்ல ஒடி, ரைட்ல ஒடி" என்று சொன்னால்? சிரித்துவிட்டு நிறுத்துங்கள். ஒரு ஆள் சொன்னால் போதும்.

பின் பம்பர் நெளிந்து, டெயில் லேம்ப் உடைந்து, கொஞ்சம் பெயின்ட் போய்விட்டது. இன்சூரன்ஸில் கேட்கலாமா?
– ஈரோடு வாசகர்

பாலிசியை எடுத்து "ஐஎம்டி 23" என்ற கூடுதல் ஷரத்தின் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். சரக்கு வண்டிகளுக்கான வழக்கமான பேக்கேஜ் பாலிசியில் விளக்கு, பம்பர், மட்கார்டு, டயர், பெயின்ட் போன்றவை அடிபட்டால் பணம் கிடையாது. வண்டியே மொத்தமாகப் போனால்தான் கணக்கில் வரும். கூடுதல் பிரீமியம் கட்டி அந்த 23 சேர்த்திருந்தால் கிடைக்கும், அதுவும் மதிப்பிட்ட தொகையில் பாதி. கார் வைத்திருப்பவர் சொல்லும் அனுபவத்தை நம்பி லோடு வண்டிக்காரர் ஏமாறுவது இங்கேதான்.

23 இருந்தாலும் இந்தச் சின்ன வேலைக்குக் கேட்காமல் இருப்பதே நல்லது என்பேன். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அப்புறம் 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் வருடம் 50. ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். டெயில் லேம்புக்காக ஐந்து வருட ஏணியிலிருந்து இறங்க வேண்டுமா? பட்டறையில் எஸ்டிமேட் வாங்கி, போகிற தள்ளுபடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை, யார் பட்டறையில் வேண்டுமானாலும் வாங்குங்கள்.

ரிவர்ஸ் எடுக்கும்போது நின்றிருந்த பைக்கைச் சாய்த்துவிட்டேன். இண்டிகேட்டர் உடைந்தது. யாரும் பார்க்கவில்லை, வந்துவிட்டேன். மனசு உறுத்துகிறது.
– பெயர் வேண்டாம் என்றவர்

உறுத்தட்டும். அப்படியே திரும்பிப் போய்ப் பக்கத்துக் கடையில் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இண்டிகேட்டர் சில நூறு ரூபாய் சமாச்சாரம். மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு, ஆளுக்குக் காயம் பட்டால் மட்டுமில்லாமல், அடுத்தவர் பொருளுக்குச் சேதம் வந்தாலும் டிரைவருக்குச் சில கடமைகளை வைத்திருக்கிறது. போலீஸ் கேட்டால் விவரம் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இன்னொன்று, கடைக்குக் கடை கேமரா இருக்கும் காலத்தில் "யாரும் பார்க்கவில்லை" என்பது உங்கள் நினைப்பு.

நர்சரி வைத்திருக்கிறேன். செடி இறக்க நானே குட்டியானை ஓட்டுகிறேன். முன்னால் நன்றாக ஓட்டுவேன். ரிவர்ஸ் எடுக்கும்போது நாலு பேர் நின்று பார்த்தால் கை நடுங்குகிறது. பழகினால் போய்விடுமா அண்ணா?
– சத்தியமங்கலம் வாசகி

போய்விடும் அம்மா. லைசென்ஸ் வாங்க ஹெச் போட்டீர்கள்தானே, அதில் பாதி ரிவர்ஸ்தான். அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதிகாரி, இன்றைக்கு டீக்கடைக்காரர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களிடம் தொட்டிகள் இருக்குமே, அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி அகலத்தைவிட மூன்று அடி கூடுதலாக இரண்டு வரிசை காலி பிளாஸ்டிக் தொட்டி வைத்து, நடுவில் பின்னால் போய்ப் பழகுங்கள். நான்கு நாள் கழித்து இரண்டு அடி. தொட்டி சாய்ந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம், சமதரையில் கிளட்சை லேசாக விட்டாலே வண்டி நகரும். வலது கால் பிரேக் மேலேயே இருக்கட்டும். ரப்பர் செருப்பு போட்டு ஓட்டாதீர்கள், நனைந்தால் பெடலில் வழுக்கும். இடது கண்ணாடியைச் சற்றுக் கீழே சாய்த்துப் பின்சக்கரம் தெரியும்படி வையுங்கள். அதில் தெரிவது நிஜத்தில் இன்னும் பக்கத்தில் இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எடுப்பதற்கு முன் இறங்கி ஒரு சுற்று நடந்து பாருங்கள். மற்றதில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பின்கதவை ஒட்டி உட்கார்ந்து விளையாடும் மூன்று வயதுக் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. நர்சரிக்குக் குடும்பத்தோடு வருவார்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் "என்ன இறங்கி இறங்கிப் பாக்குறாங்க" என்று சிரித்தால் சிரிக்கட்டும். இருபது வருடம் ஓட்டியவர்களும் இறங்கிப் பார்ப்பார்கள். இறங்காதவர்களை என் பட்டறையில் சந்திப்பேன்.

கடை வாசலில் சாக்கடை ஸ்லாப் உடைந்து பின்சக்கரம் உள்ளே போய்விட்டது. யார் பொறுப்பு?
– நாகர்கோவில் வாசகர்

பொறுப்பை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் லோடை இறக்குங்கள், சக்கரத்தைச் சுழலவிட்டு மேலே ஏற்றப் பார்க்காதீர்கள். அடுத்த முறை லோடோடு ஸ்லாப் மேல் ஏற வேண்டாம். பிக்அப்பில் சரக்கின் எடை பெரும்பாலும் பின் அச்சில்தான் உட்காரும். நடந்து போக அமைத்த ஸ்லாப் அதைத் தாங்காது.

மகனிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. பிக்அப்பை ரிவர்ஸ் எடுத்து இடித்தால் லைசென்ஸைக் காட்டி இன்சூரன்ஸை மறுப்பார்களா?
– மதுரை வாசகர்

இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தால், மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. சாதாரண பிக்அப் எல்லாம் இந்த எடைக்குள்தான் வரும். லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிவர்ஸ் போட்டால் பாட்டு வரும் ஹாரன் மாட்டலாமா? பின்னால் நிற்பவர்கள் விலகுவார்களே.
– சேலம் வாசகர்

ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு சுரம் வரும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதி 119 அனுமதிப்பதில்லை. சாதாரண "பீப் பீப்" போதும். அதையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். எங்கள் தெருவுக்கு ஒரு பால் வண்டி தினமும் காலை நாலரை மணிக்குப் பாட்டோடு ரிவர்ஸ் வரும். முதல் வாரம் தெருவே எழுந்து உட்கார்ந்தது. இப்போது சக்கரம் வரும் பாதையில் படுத்திருக்கும் நாய்கூடக் காதை ஆட்டுவதில்லை. டிரைவர் இறங்கிப் போய் எழுப்பிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.