ஒரு பகலில் தாலின்

கேள்வி: மகள் எங்களைப் பால்டிக் கடலில் கப்பல் சுற்றுலா கூட்டிப்போகிறாள். எஸ்டோனியாவின் தாலின் நகரில் ஒரு பகல் நிற்குமாம். எனக்கு மூட்டுவலி. எதைப் பார்க்கலாம்?
- வாசகி, தொண்டி

பதில்: சந்தோஷமாப் போயிட்டு வாங்கம்மா. துறைமுகத்திலிருந்து பழைய நகரம் நடக்கிற தூரம்தான். தெருவெல்லாம் உருண்டைக்கல், அதனால் ரப்பர் அடி ஷூ போடுங்க. சதுக்கத்தில் 1404-இல் கட்டி முடித்த நகர மன்றம் இருக்கு. எதிரே உள்ள மருந்துக்கடையின் பெயர் 1422 ஆவணத்திலேயே உண்டு. இன்றைக்கும் மருந்து விற்கிறாங்க. தூம்பியா மேட்டுக்கு ‘லூஹிகே யால்க்’ வழியில் படிக்கட்டு. ‘பிக் யால்க்’ சரிவுப் பாதை, உங்களுக்கு அதுதான் சரி.

நம்ம வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்தவங்க ஒன்றைக் கவனிக்கணும். பால்டிக் தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு, பாத்தி கட்டி விளைவிக்க முடியாது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த உப்பை ருஷ்யப் பக்கம் விற்றுத்தான் அந்த ஊர் வணிகர்கள் செழித்தாங்க. பிக் தெருவில் அண்ணாந்து பாருங்க: சரக்கை மாடிக் கிடங்குக்கு இழுத்த உத்தரம் சில வீட்டு முகப்பில் இன்னும் நீட்டிக்கிட்டிருக்கும். கப்பல் வேலையில் இருந்தப்போ நான் வெகுநேரம் நின்றது அங்கேதான்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான செங்கன் விசாவை மட்டும் முன்கூட்டியே எடுத்திடுங்க.