முடிப் பரிசோதனையை நம்பி தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் வயது 34. எட்டு வருடமாக எலக்ட்ரானிக் சாமான்கள் பழுதுபார்க்கும் கடையில் சால்டரிங் வேலை செய்கிறேன். தைராய்டு குறைவு என்று தினமும் 50 மைக்ரோகிராம் மாத்திரை எழுதித் தந்தார்கள். தெரிந்தவர் ஒருவர் பேச்சைக் கேட்டு முடியைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். 'ஈயம் அதிகம், அதனால்தான் தைராய்டு. உலோகத்தை வெளியேற்றினால் மாத்திரையே வேண்டாம்' என்று ஒரு பொடி கொடுத்தார்கள். மாத்திரையை விட்டுப் பத்து நாள் ஆகிறது. எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டாவது குழந்தைக்கு ஆசை இருக்கிறது. நான் செய்வது சரியா டாக்டர்?

பதில்: நாளைக் காலையே வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட ஆரம்பித்துவிடுங்கள், அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம். பத்து நாளில் வித்தியாசம் தெரியவில்லை என்பதை நம்பாதீர்கள். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். முன்பு போட்ட மாத்திரையின் மிச்சத்தில்தான் இப்போது உங்கள் உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, உலோகத்துக்கும் தைராய்டுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. சுரப்பி பெரும்பாலும் டி4 ஹார்மோனைத்தான் தருகிறது. அதிலுள்ள நாலு அயோடின் அணுக்களில் ஒன்றைக் கழற்றினால்தான் வீரியமுள்ள டி3 கிடைக்கும். கழற்றுகிற என்சைமுக்குச் செலினியம் வேண்டும். பாதரசமோ செலினியத்தைக் கண்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும். சிகரெட் புகையில் வரும் காட்மியம் சிறுநீரகத்தில் பல வருடங்கள் தங்கிவிடும். அதற்கும் தைராய்டுக்கும் தொடர்பு உண்டா என்றும் ஆராய்ந்து வருகிறார்கள். ஈயத்தில் வேலை செய்கிறவர்களைப் பரிசோதித்ததில், சில ஆய்வுகளில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) மாறியிருந்தது, சிலவற்றில் மாறவில்லை.

ஆக, உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அதைத் தீர்க்க முடி உதவாது. பட்டறைத் தூசி முடியின் மேலேயே படிந்திருக்கும். உடம்புக்குள் எவ்வளவு போனது என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். கூடவே, சுரப்பிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டும் ஆன்டி டிபிஓ பரிசோதனையும் செய்யுங்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய் உங்கள் வயதில் மிகச் சாதாரணம். எனக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான். ஈயம் அதிகமாகவே இருந்தாலும் தைராய்டு மாத்திரை நிற்காது. ஈயத்தை வெளியேற்றும் மருந்து உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் ரத்த அளவு மிகவும் கூடியவர்களுக்கு, மருத்துவரின் கண்காணிப்பில் தருவது அது. உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பொடியைத் தொடாதீர்கள்.

உங்கள் மேஜைக்கு வருவோம். சால்டரிங்கில் எழும் புகையைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும், சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் எரிகிற புகை. மூச்சுக்கு நல்லதல்ல, ஆனால் ஈயம் ஆவியாக அந்தச் சூடு போதாது. ஈயம் உள்ளே போகும் வழி விரல்தான். ஈயம் கலந்த சால்டர் கம்பியைப் பிடித்த விரலில் சாம்பல் நிறமாக ஒட்டுகிறதே, அதே விரலால் டீ குடிக்கும்போது பிஸ்கட் எடுக்கிறீர்களா? கை இரண்டும் பிடித்திருக்கும்போது கம்பியைப் பல்லில் கவ்வுகிறீர்களா? இரண்டையும் இன்றோடு விடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு, அதுவும் வேலை மேஜையில் வேண்டாம். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது. ஈயம் இல்லாத சால்டர் கம்பியும் கிடைக்கிறது, முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த குழந்தை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். எலும்பில் பல வருடமாகத் தங்கிய ஈயம் கர்ப்பகாலத்தில் கரைந்து ரத்தத்துக்கு வரும், சிசுவையும் எட்டும். ஈயத்தின் அளவு தெரிந்து, மாத்திரையைத் தொடங்கி ஆறு வாரம் கழித்துப் பார்க்கும் டிஎஸ்எச்சும் சரியாக இருந்தால், உங்கள் டாக்டரிடம் பேசி முயற்சி செய்யுங்கள். கர்ப்பம் உறுதியான அன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்; அப்போது பெரும்பாலும் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.